சுப்பையா சாரின் புள்ளி

1. நாற்காலி

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் காட்டிய நாற்காலியின் முதுகில் ஒரு ஸ்வெட்டர் தொங்கியது. சாம்பல் நிறம், முழங்கை தேய்ந்தது. "இது யாருதுங்க?" என்று கேட்டேன். செக்கிங் செக்சன் மாரியக்கா ஸ்வெட்டரை நேராக இழுத்துவிட்டார். பிறகு மெதுவாக, "சுப்பையா சாருதுங்க. போன மாசம் இந்தச் சேர்லயே போயிட்டாருங்க" என்றார்.

நன்றாயிருக்கிறது முதல் நாள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். பொங்கலூரிலிருந்து பஸ் ஏறும்போது அம்மா கொடுத்த ஜெபமாலை கைப்பையில் இருந்தது. அன்று முழுக்கக் கைப்பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருப்பூரின் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கம்ப்யூட்டர் எட்டிப் பார்த்த காலம். எங்கள் கம்பெனி மண்ணரைப் பக்கம். கீழே நிட்டிங் மெசின்கள், மாடியில் கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங். மாடியின் ஒரு மூலையில் கண்ணாடி அடைத்த கேபின், அதற்குள் ஒரே ஒரு கம்ப்யூட்டர். கேபினுக்கு ஏசி உண்டு. முதலாளி ரூமில் ஃபேன்தான். ஏசி கம்ப்யூட்டருக்காகப் போட்டது, நாங்கள் ஓசியில் நடுங்கினோம். பனியன் ஊரில் ஸ்வெட்டர் போட்டு வேலை பார்த்த ஒரே மனுஷன் சுப்பையா சார்தான்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து டைப்பிஸ்டாக வந்தவர். தானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டார். அவருடைய வேலை பேக்கிங் லிஸ்ட். எந்தப் பெட்டியில் என்ன கலர், என்ன சைஸ், எத்தனை பீஸ் என்பதை அடித்து, சரிபார்த்து, பிரின்ட் எடுக்க வேண்டும். பெட்டிக்குள் ஒன்றும் லிஸ்டில் ஒன்றுமாக இருந்தால் வெளிநாட்டுக்காரன் சரக்கைத் திருப்பி அடித்துவிடுவான். அதனால் சார் திரைக் கண்ணாடியில் பென்சில் முனையை வைத்து வரி வரியாக ஓட்டிப் பார்ப்பாராம். "வரி தாண்டப்பிடாது, தாண்டினா தப்பு ஓடிரும்லா" என்று சொல்வாராம். கண்ணாடியில் மெல்லிய பென்சில் கோடுகள் அப்படியே இருந்தன. ஈரத்துணியால் துடைத்தேன். எல்லாம் போகவில்லை.

அந்த வேலை எனக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போய் ஊட்டில் உட்கார்ந்துவிட்டார். தம்பி படித்துக்கொண்டிருந்தான். என் சம்பளம் நின்றால் அடுப்பு நின்றுவிடும்.

கேபின் நடைமுறையை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் மாரியக்காதான். சார் செய்வதைக் கண்ணாடி வழியாக வருஷக்கணக்கில் பார்த்தவர். "செருப்பை வெளிய உடுங்க. காத்தால பிரஷ்ல பஞ்சு தட்டுங்க. சாயங்காலம் மெசினை நிறுத்திப் போட்டு இந்த மூடியைப் போட்டுருங்க" என்றார்.

மூடி என்றால் ஒரு பழைய ஃபிளாப்பி. பெரிய சைஸ், கறுப்பு அட்டை போல வளைவது. பனியன் கம்பெனியில் பஞ்சு எங்கும் பறக்கும். ஃபிளாப்பி டிரைவின் வாய் திறந்திருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் பஞ்சு உள்ளே போய் அடைத்துவிடும். டிரைவோடு வந்த காப்பு அட்டை தொலைந்துபோனதால், சார் ஒரு வீணாய்ப்போன ஃபிளாப்பியை எடுத்து மேலே பென்சிலில் 'பஞ்சு' என்று எழுதி மூடியாக்கியிருந்தார். எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. காலையில் மூடியோடு சுவிட்ச் போட்டால், இதை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று திரையில் இங்கிலீஷில் வரும். எடுத்து மானிட்டர் தலையில் வைத்துவிட்டு கீயை அழுத்துவேன். மெசின் கிளம்பிவிடும்.

2. புள்ளி

சேர்ந்த வாரத்திலேயே அது வந்தது. பேக்கிங் லிஸ்டைத் திறந்து வைத்திருந்தேன். பச்சை எழுத்துகளுக்கு நடுவே ஒரு சின்னப் புள்ளி கிளம்பியது. சாய்வாகப் போய்த் திரையின் ஓரத்தில் முட்டியது. திரும்பியது. மறுபடி சாய்வாக எழுத்துகளின் மேலேயே நடந்து போனது. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கை எடுத்த பிறகும் அது நடந்துகொண்டே இருந்தது.

"ஏசுவே!" என்று நான் போட்ட சத்தத்தில் செக்கிங் பெண்கள் அத்தனை பேரும் கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றார்கள். மாரியக்கா கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார்.

"ஐயோ சாமி... பென்சிலுங்க. சாரு பென்சிலு."

அன்று சாயங்காலத்துக்குள் கீழே நிட்டிங் வரைக்கும் செய்தி போய்விட்டது. சார் வேலையை முடிக்காமல் போனவர், முடிக்க வந்திருக்கிறார் என்றார்கள். நான் படித்த பெண், இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை என்று எல்லோரிடமும் வீறாப்பாகச் சொன்னேன். அந்த ஸ்வெட்டரை மட்டும் தொடவில்லை.

முதலாளி கோயமுத்தூரிலிருந்து சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்தார். ராஜசேகர் என்று பெயர், டை கட்டியவர். பார்த்ததும் சிரித்தார். "வைரஸுங்க. எவனோ வேலையத்தவன் எழுதின ப்ரோகிராம். ஃபிளாப்பி மூலமா ஒரு மெசின்லருந்து இன்னொண்ணுக்குத் தொத்தும்" என்றார்.

"தொத்துங்களா?" என்றார் முதலாளி. விவசாயக் குடும்பத்து மனுஷர், ஆடு மாட்டுக்கு வரும் நோயெல்லாம் பார்த்தவர். "அப்ப ஆளுங்களுக்கு?"

ஆளுக்குத் தொற்றாது என்று இன்ஜினியர் எவ்வளவோ சொன்னார். இருந்தாலும் மறுநாள் கேபின் பக்கத்து டேபிளிலிருந்த மாசமான பெண்ணை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கேபின் கதவில் அம்மை கண்ட ஊடு மாதிரி ஒரு கொத்து வேப்பிலையும் தொங்கியது. யார் கட்டினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை.

இன்ஜினியர் மெசினைச் சுத்தம் செய்தார். டப்பாவிலிருந்த ஃபிளாப்பிகளை ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்தார். "போயிருச்சு. நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வேலையைத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் புள்ளி வந்து நடக்க ஆரம்பித்தது. மறுபடி வரவழைத்தோம். மறுபடி சுத்தம் செய்தார். மறுநாள் மறுபடி வந்தது. அப்போது எனக்கே உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. கதவைப் பூட்டிச் சாவியை நான்தான் கொண்டுபோகிறேன். சுத்தமாக விட்டுப்போன மெசினுக்குள் ராத்திரியில் யார் வருகிறார்கள்?

3. பதினேழாம் பெட்டி

ஒரு நாள் முதலாளி என் பின்னால் நின்று லிஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். புள்ளி நடந்தது. திடீரென்று மெசின் உறைந்தது. எந்தக் கீயை அழுத்தினாலும் அசைவில்லை. புள்ளி பதினேழாம் பெட்டியின் வரியில் போய் நின்றுவிட்டது.

"மெசின் ஹேங் ஆயிருச்சுங்க, நிறுத்திப் போடறனுங்க" என்றேன்.

முதலாளி குனிந்து அந்த வரியைப் படித்தார். வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து பேக்கிங் செக்சனில் ஒரே சலசலப்பு. பதினேழாம் பெட்டியைப் பிரித்திருக்கிறார்கள். லிஸ்டில் நேவி ப்ளூ. பெட்டிக்குள் இருந்தது கறுப்பு. டியூப் லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், இது பேக்கிங்கில் நடக்கிற தப்புதான். ஆனால் நடந்தது அந்தப் பெட்டியில்.

முதலாளி திரும்ப வந்தார். அவர் முகத்தில் இருந்தது பயமா பக்தியா என்று எனக்குத் தெரியவில்லை. உறைந்து நின்ற திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இருக்கட்டுமுங்க அம்மிணி. அதை எடுக்க வேண்டாமுங்க. சாரு பாத்துக்குவாரு."

வைரஸ் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று அந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியவில்லை, முதுகில் ஸ்வெட்டர் படுமே என்று நுனியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

முதலாளியின் மச்சான் தங்கவேல்தான் எங்கள் மேனேஜர். அவர் இதை நம்பவில்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன், அந்தக் கட்டடத்தில் புத்தி தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் அந்தப் புத்தி என் பக்கம் திரும்பியது. "செத்த மனுசன் வந்து நேவி ப்ளூ பாக்கறாராமா? பெட்டி மாறினது இந்தப் புள்ளைக்கு முன்னாடியே தெரியும். நாடகம்" என்று சொல்லி, முதலாளிக்குத் தெரியாமல் இன்ஜினியரை வரவழைத்தார்.

இன்ஜினியருக்கும் பொறுமை போய்விட்டது. சுத்தம் செய்து முடித்து, "என் வேலையில தப்பில்லைங்க. நான் போனப்புறம் யாரோ வேணும்னே திரும்பப் போடறாங்க" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். என் சித்தப்பா மகன் வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்ப்பது மேனேஜருக்குத் தெரியும். அந்தக் கம்பெனிக்காக நான் மெசினைக் கெடுக்கிறேன் என்று முடிவு கட்டிவிட்டார்.

"மாசக் கடைசியோட நின்னுக்குங்க அம்மிணி" என்றார் அவர். குரலில் கோபமே இல்லை, மரியாதை குறையவே இல்லை. "வேற கம்பெனில விசாரிச்சாங்கன்னா நாங்க உள்ளதச் சொல்ல வேண்டி வருமுங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எனக்கு இந்த ஊரில் வேறெங்கும் வேலை கிடைக்காது. மெசினை நிறுத்தினேன், கதவைப் பூட்டினேன், யார் முகத்தையும் பார்க்காமல் படி இறங்கினேன். பஸ்ஸில் அழுதேன். ஊட்டில் சொல்லவில்லை.

4. வராத நாள்

மறுநாள் காலை சுவிட்ச் போட்டதும் மெசின் நேராகக் கிளம்பியது. டிரைவின் வாயில் பஞ்சு இழையாகத் தொங்கியது. நேற்றைய அழுகையில் மூடி போட மறந்திருக்கிறேன். மூடி மானிட்டர் தலையிலேயே கிடந்தது. வேலை போகப்போகிறது, இதில் டிரைவையும் கெடுத்தாள் என்ற பேர் வேறு வேண்டுமா என்று என்னையே வைதுகொண்டு பஞ்சை எடுத்தேன்.

அன்று புள்ளி வரவில்லை.

மத்தியானம் முதலாளி எட்டிப் பார்த்தார். "சாரு வரலீங்களா?"

"இல்லீங்க."

சாயங்காலமும் வந்து கேட்டார். செக்கிங் பெண்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். சாரை யாரோ மனம் நோகச் செய்துவிட்டார்கள் என்று பேச்சு. எனக்கு மட்டும் கொஞ்சம் மூச்சு வந்தது. இன்ஜினியர் இந்த முறை சரியாகச் செய்துவிட்டார் என்று நினைத்தேன். மறக்காமல் மூடியைப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த நாள் காலை சுவிட்ச் போட்டேன். எடுத்துவிட்டு கீயை அழுத்து என்றது. எடுத்தேன். அழுத்தினேன். லிஸ்டைத் திறந்து நாலு பெட்டி அடிப்பதற்குள் புள்ளி புறப்பட்டு வந்தது.

மூடி மானிட்டர் தலையில் இருந்தது. அதைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். கால் விரலிலிருந்து குளிர் ஏறியது, ஏசிக் குளிர் இல்லை அது. மூடி இல்லாத நாளில் புள்ளி இல்லை. மூடி இருந்த நாளெல்லாம் புள்ளி. ராத்திரியில் யாரும் வரவில்லை. தினமும் சாயங்காலம் என் கையாலேயே அதை வாய்க்குள் வைத்து மூடிவிட்டுப் போயிருக்கிறேன்.

5. மூடி

இன்ஜினியரை வரவழைக்கும்படி முதலாளியிடம் நானே கேட்டேன். மேனேஜரும் உடன் இருக்க வேண்டும் என்றேன். ராஜசேகர் வந்ததும் மூடியைக் கொடுத்தேன். தன்னுடைய பரிசோதனை ஃபிளாப்பியை ஓட்டிப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இதுலதாங்க இருக்கு. மெசின் கிளம்பறப்ப மொதல்ல ஃபிளாப்பியத்தான் படிக்கும். எடுத்துரு எடுத்துருன்னு எழுத்து வர்றதுக்குள்ள இது உள்ள போயிருக்கும். ஏம்மா, எல்லா ஃபிளாப்பியும் குடுங்கன்னு எத்தன தடவ கேட்டேன்? இதை ஏன் குடுக்கல?"

"அது ஃபிளாப்பி இல்லீங்களே, மூடிங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது எனக்கே கேட்டது. மேனேஜர் தங்கவேல் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "மாசக் கடைசி பேச்செல்லாம் மனசுல வெச்சுக்க வேண்டாமுங்க அம்மிணி" என்றார். எனக்குக் கண் கலங்கியது. கோபமும் இருந்தது, மறைப்பானேன். "நான் மறக்கமாட்டனுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

முதலாளி மட்டும் ஃபிளாப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'பஞ்சு' என்ற பென்சில் எழுத்தைத் தடவினார்.

"இதை வெச்சது யாருங்க?"

"சுப்பையா சாருங்க."

"அப்பச் சாருதானுங்களே" என்றார்.

அதை உடைத்துப் போடச் சொன்னார் இன்ஜினியர். முதலாளி சம்மதிக்கவில்லை. ஸ்வெட்டரில் சுற்றி கேபின் அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொன்னார். நான்தான் சுற்றி வைத்தேன். அன்றுதான் அந்த ஸ்வெட்டரை முதல் முறையாகத் தொட்டேன்.

6. ஒன்றும் தெரியாதபோது

இதற்குப் பிறகு நான் பார்த்த வைரஸ்கள் வேறு ஜாதி. சில வருஷம் கழித்து எம்பிராய்டரி யூனிட்டிலிருந்து வந்த டிசைன் ஃபிளாப்பியில் ஒன்று வந்தது. புள்ளி இல்லை, சத்தம் இல்லை. திரை பளிச்சென்று இருந்தது. உள்ளே இங்கொரு எண், அங்கொரு எண் என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. எப்போது நுழைந்தது என்றுகூடத் தெரியவில்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று எடுத்து வைத்த காப்பிகளிலும் அதே கெட்ட எண்கள். எல்லாப் பெட்டியையும் பிரித்து மறுபடி எண்ண வேண்டியதாயிற்று.

அப்போது முதலாளி கேபினுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். தலை நரைத்துவிட்டது அவருக்கு. சுத்தமாக ஒளிர்ந்த திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு அலமாரியின் மேல்தட்டைக் காட்டி, "ஏனுங்க அம்மிணி, அதை ஒருக்காப் போட்டுப் பாக்கலாமுங்களா?" என்றார்.

நான் வேண்டாமுங்க என்றுதான் சொன்னேன். ஆனால் உடனே சொல்லவில்லை, அதுதான் உண்மை. வந்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்கிற ஒன்று அந்த வெறுந்திரையைவிட எவ்வளவோ தேவலை என்று அன்று தோன்றியது. தொண்ணூறுகளின் கடைசியில் இமெயில் வந்த பிறகு, தெரிந்தவர் பெயரிலேயே வைரஸ் வந்தது. அப்போதும் எனக்கு அந்த வெறுந்திரைதான் நினைவுக்கு வந்தது.

பதினேழாம் பெட்டி தற்செயல்தான். அப்படித்தான் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனிச் சொல்லப்போவது மாரியக்கா வேலையைவிட்டு நின்ற அன்று சொன்னது. சொல்லிக்கொள்ள கேபினுக்கு வந்தார். அலமாரியின் மேல்தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"அன்னிக்கு சாரைத் தூக்கிட்டுப் போனப்புறம் நாந்தானுங்க மெசினை நிறுத்தி மூடியைப் போட்டேன். சாரு தெனமும் போடுவாருன்னு போட்டேன். தப்புங்களா?"

"தப்பில்லீங்க அக்கா. உங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் போகாமல் நின்றார். "இன்னொண்ணுங்க. இத்தன நாளா யாருகிட்டயும் சொல்லல. அன்னிக்குக் காத்தாலருந்து சாரு பென்சில வரி வரியா ஓட்டலீங்க."

"பின்ன?"

"கோணல்மாணலா ஓட்டிட்டு இருந்தாருங்க. மேல, கீழ, இந்த ஓரம், அந்த ஓரம்னு. எதையோ புடிக்கப் போறாப்புல. சட்டையெல்லாம் வேத்து நனஞ்சிருச்சு. என்ன சார்னு கண்ணாடியத் தட்டிக் கேட்டேன். ஒண்ணுமில்ல, யார்ட்டயும் சொல்லிராதன்னு கையக் காட்டுனாரு."

என் கண் தானாகத் திரைக்குப் போனது. அது புது மானிட்டர். பழைய கண்ணாடியில் நான் துடைத்தும் போகாத கோடுகள் எல்லாம் படுக்கையாக இருந்தனவா, சாய்வாகவும் இருந்தனவா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அவருக்கும் அது வந்திருக்கிறது. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய மெசினை நாம் கெடுத்துவிட்டோம், முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று அந்த மனுஷன் நினைத்திருக்க வேண்டும். காலையிலிருந்து தனியாக உட்கார்ந்து, ஏசிக் குளிரில் வேர்த்து, அந்தப் புள்ளியைப் பென்சிலால் துரத்தியிருக்கிறார்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். எந்த மென்பொருள் போடுவது, எத்தனை பாஸ்வேர்டு வைப்பது என்றெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். திரையில் புரியாத ஏதாவது ஒன்றைப் பார்த்தால், அது உங்கள் தப்பாகவே இருந்தாலும், கத்துங்கள். நான் கத்தினேன், ஊரே கண்ணாடிக்கு வெளியே வந்து நின்றது. சுப்பையா சார் கத்தவில்லை.